கடைவீதியை மீட்பது எப்படி: சிறு நகராட்சிகளுக்கான திட்டமும் நிதியும்

சிறு நகரத்துக் கடைவீதி ஒரே நாளில் தளர்ந்துபோவதில்லை. பேருந்து நிலையம் புறவழிச்சாலைக்குப் போகிறது. தினமும் அங்கே இறங்கி நடந்த கூட்டமும் கூடவே போய்விடுகிறது. சாலைக்கு மேல் சாலை போட்டு மட்டம் ஏற, மழைத் தண்ணீர் கடைக்குள் வருகிறது. நடக்க இடமில்லாததால் பெண்களும் வயதானவர்களும் வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். ராத்திரி ஒன்பதரை வரை திறந்திருந்த ஜவுளிக்கடையில் எட்டு மணிக்கே ஷட்டர் இறங்குகிறது. கடைசியில் மாடிகள் கிடங்காகின்றன, கீழ்க்கடைகளில் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்குகிறது.

தமிழ்நாட்டில் 30,000 முதல் 1,00,000 பேர் வரை வாழும் நகராட்சி ஒன்றின் பழைய கடைவீதியை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். நகர்மன்றத்துக்குப் புதிதாக வந்த உறுப்பினர், வணிகர் சங்கப் பொறுப்பாளர், இந்த வேலையில் முதன்முறையாகக் கைவைக்கும் பொறியாளர் ஆகியோருக்கானது இது. கணக்குக் காட்டுவதற்காக 600 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 200 கடைகள் உள்ள ஒரு வீதியை மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம்.

பெரும்பாலானோர் "எந்தத் திட்டத்தில் பணம் கிடைக்கும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதில்தான் முதல் தவறு நடக்கிறது. பணத்தைத் தேடிப் போகும்போது அந்தத் திட்டம் எதற்குப் பணம் தருகிறதோ அதையே ஊர் கட்டிக்கொள்கிறது. வீதிக்குத் தேவை வடிகாலாக இருக்கும். கிடைப்பது அலங்கார வளைவாக இருக்கும். அதனால் நிதிக்குப் பின்னால் வருவோம்.

வீதி யாருடையது?

கடைவீதி நகராட்சியுடையது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பதிவேட்டைப் பார்த்தால் அது மாநில நெடுஞ்சாலையாக இருக்கும். புறவழிச்சாலை வந்த பிறகும் ஊருக்குள் போகும் பழைய சாலை நெடுஞ்சாலைத் துறையின் கையிலேயே இருப்பது சாதாரணம். தேரோடும் வீதிகளில் ஒரு பக்கக் கடைகள் தேவஸ்தான நிலத்தில் இருக்கலாம். அப்போது இந்து சமய அறநிலையத் துறையின் இசைவு வேண்டும். இதைத் திட்ட அறிக்கை முடிந்த பிறகு கண்டுபிடித்தால், தடையின்மைச் சான்றுக்கே பல மாதம் ஓடிவிடும்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் வாங்குங்கள். நில அளவையரை வைத்து 20 மீட்டருக்கு ஓரிடம் வீதம் அளக்கச் சொல்லுங்கள். 600 மீட்டருக்கு 31 குறுக்களவுகள் வரும். ஒவ்வொன்றிலும் ஐந்து எண்களைக் குறிக்க வேண்டும்: பதிவேட்டின்படி அகலம், சுவருக்குச் சுவர் இருக்கும் அகலம், சாலையின் நடுமட்டம், இரண்டு பக்கமும் கடைவாசல் மட்டம். கடைவாசல் மட்டத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் எல்லாச் சண்டையும் அங்கிருந்துதான் வரும்.

படிக்கட்டும் சாய்தளமும் சாலைக்குள் நீண்டிருப்பதைப் பார்த்தவுடன் ஆக்கிரமிப்பு என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். சாலை உயர்ந்ததால் தண்ணீருக்குப் பயந்து தரையை உயர்த்திக்கொண்டவர்கள் அதில் நிறையப் பேர். சாலை மட்டத்தைக் குறைத்துத் தருகிறோம் என்று எழுத்தில் சொன்னால் அவர்களில் பலர் தாங்களே படியை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கூரை நீட்டி, கம்பம் நட்டு, சரக்கு அடுக்கியவர்கள் வேறு வகை. இரண்டையும் ஒரே நோட்டீஸில் அடக்கினால் முழு வீதியும் எதிர்த்து நிற்கும்.

எண்ணிப் பாருங்கள்

ஒரு வாரம் போதும். கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேரும் எழுதும் அட்டைகளும் இருந்தால் செய்துவிடலாம்.

முதலில் கடைக் கணக்கு. ஒவ்வொரு ஷட்டருக்கும் ஒரு வரி: என்ன வியாபாரம், திறந்திருக்கிறதா, சொந்தமா வாடகையா, மாடியில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறார்கள். காலிக்கடைக்கு மட்டும் இன்னொரு கேள்வி: ஏன் காலி? பதில் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு; கட்டடம் பழுது; அட்வான்ஸ் கட்டுப்படியாகவில்லை; கடையைக் கிடங்காக வைத்திருக்கிறார்கள். தளக்கல் பதிப்பதால் இவற்றில் ஒன்றுகூடத் தீராது. வழக்கில் இருக்கும் கடையை விட்டுவிடலாம். அட்வான்ஸ் சிக்கலுக்கு வணிகர் சங்கம் நடுவில் நின்று, ஓராண்டுக்குக் குறைந்த வாடகையில் எழுத்து ஒப்பந்தம் போட வைக்கலாம். வாய்ப்பேச்சில் கடை கொடுத்தால் ஆள் காலி செய்யமாட்டார் என்ற பயம்தான் பல உரிமையாளர்கள் பூட்டியே வைத்திருப்பதற்குக் காரணம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. பதிந்து கொடுத்தால் அந்தப் பயம் குறையும்.

அடுத்தது ஆள் கணக்கு. வீதியில் நான்கு இடங்களில், ஒரு சாதாரண நாளும் ஒரு சந்தை நாளும், காலை 10 முதல் 12, மாலை 5 முதல் 9 வரை, ஒவ்வொரு மணியிலும் 15 நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள். நடப்பவர், இருசக்கர வாகனம், கார், சரக்கு வண்டி என்று தனித்தனிப் பத்தி. பெண்களையும் குழந்தைகளையும் தனியாகக் குறியுங்கள். "எங்கள் வாடிக்கையாளர் எல்லாம் காரில்தான் வருகிறார்கள்" என்று கூட்டத்தில் யாராவது அடித்துச் சொல்லும்போது இந்தத் தாளை மேசையில் வைக்கலாம். நிறுத்தும் இடத்தின் கணக்கும் எளியது: ஒரு கார் நிற்கும் 5 மீட்டருக்கு 2.5 மீட்டர் இடத்தில் ஐந்து பைக்குகள் நிற்கும்.

தெருவோர வியாபாரிகளை முதலிலேயே அழையுங்கள்

பூக்காரி, பழவண்டி, பனியாரக் கடை, செருப்புத் தைப்பவர்: இவர்களை அப்புறப்படுத்தினால் வீதி அழகாகும் என்ற எண்ணம் இன்னும் பல அலுவலகங்களில் இருக்கிறது. அவர்கள் போனால் மாலை நேர நடமாட்டமும் போய்விடும். உள்ளே இருக்கும் கடைக்காரருக்குத்தான் முதல் நஷ்டம். சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடக்க வேண்டும். மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை இடமளிக்கும் வகையில் திட்டமிட வேண்டும். 40,000 பேர் உள்ள ஊருக்கு அது 1,000 வியாபாரிகள். இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. 50 ஆண்டுக்கு மேலாக நடக்கும் தெருச் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும். அதை இடம் மாற்றக் கூடாது.

கணக்கெடுப்பும் வியாபாரிக்குத் தரும் விற்பனைச் சான்றும் இல்லாமல் பணி தொடங்கிய ஊர்களில் வேலை நீதிமன்றத்தில் நிற்பதைப் பார்க்கலாம். சான்று கைக்கு வந்தால் வியாபாரிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பிரதமரின் ஸ்வநிதி கடனுக்கு வழி திறக்கும். 2025-இல் மாற்றியமைத்தபடி முதல் தவணை 15,000, அடுத்தது 25,000, மூன்றாவது 50,000 ரூபாய். வண்டியை ஒரே அளவில் புதுப்பித்துக்கொள்ள அது உதவும்.

குடியிருப்போரின் கருத்துக்கு 2022-இல் வந்த விதிகளின்படி வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டமே போதும். கூட்டத்துக்கு வரைபடம் கொண்டு போகாதீர்கள், யாருக்கும் புரியாது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

12 மீட்டரைப் பங்கிடுவது

நடைபாதைக்கு இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டி கேட்கும் குறைந்தபட்சத் தடையற்ற அகலம் 1.8 மீட்டர். கடைவீதிக்கு அது போதாது. வாசலில் நின்று பார்ப்பவர், பையோடு எதிரே வருபவர் எல்லோருக்கும் சேர்த்து 2.5 மீட்டர் வேண்டும். எங்கள் மாதிரி வீதியில் இரண்டு பக்கமும் 2.5 வீதம் நடைபாதைக்கு 5 மீட்டர், வண்டிப் பாதைக்கு 5, ஒரு பக்கம் மட்டும் 2 மீட்டர் பட்டை. அந்தப் பட்டையில்தான் பைக் நிறுத்தம், தள்ளுவண்டி, மரம், மின்கம்பம், சரக்கு இறக்கும் இடம் எல்லாம் வரும். வண்டிப் பாதை 5 மீட்டர் என்றால் ஒருவழிப் போக்குவரத்தாக ஆக்குவது நல்லது. இணையாக ஓடும் இன்னொரு தெரு இருந்தால்தான் அது சாத்தியம். இல்லாவிட்டால் இருவழியாகவே வைத்து, பட்டையை அங்கங்கே விட்டுவிட்டு அமையுங்கள்.

நடைபாதையின் விளிம்பு உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 25, 30 என்று உயர்த்திவிட்டால் முதியவர் ஏறமாட்டார். எல்லோரும் பழையபடி சாலையிலேயே நடப்பார்கள், நடைபாதை சரக்கு அடுக்கும் திண்ணையாகிவிடும். ஒவ்வொரு குறுக்குத் தெருமுனையிலும் 12 அளவு நீளத்துக்கு 1 அளவு உயரம் என்ற சாய்வில் சரிவு கொடுங்கள்.

தேரோடும் வீதியானால் முதலில் கோயிலில் போய்த் தேரின் அகலம், உயரம், திரும்பும் முனைகளில் வடம் பிடிப்போர் நிற்கும் இடம் மூன்றையும் கேட்டு அளந்துகொள்ளுங்கள். அந்த வழியில் நிலையான தூண், உயர்ந்த விளிம்பு, நடுத்தடுப்பு எதுவும் கூடாது. கழற்றி வைக்கும் குத்துக்கம்பங்களை மட்டுமே போடலாம். மேலே செல்லும் கம்பிகளை நிலத்தடிக்குக் கொண்டுவர மின்வாரியத்திடம் வாதாட இதைவிட வலுவான காரணம் கிடையாது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தார்கள்.

வரைந்ததை உடனே கட்டாதீர்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தகர டிரம், கயிறு, வண்ணக் கோடு இவற்றைக் கொண்டு அந்தப் பங்கீட்டை அப்படியே தரையில் அமைத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் எங்கே திணறுகிறது, சரக்கு வண்டி எங்கே முட்டுகிறது, எந்தக் கடைக்காரர் கோபப்படுகிறார் என்பது சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் தெரிந்துவிடும். சரக்கு இறக்கும் நேரத்தைக் காலை 9 மணிக்கு முன், இரவு 9 மணிக்குப் பின் என்று வைக்க முடியுமா என்பதையும் அப்போதே வியாபாரிகளோடு பேசி முடித்துவிடலாம்.

தரைக்குக் கீழே

இந்தப் பகுதியில் நேரத்தையும் பணத்தையும் தாராளமாகச் செலவிடுங்கள். தோற்றுப்போன கடைவீதித் திட்டங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தோற்றன.

மழைநீர்க் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். வீதியோடு இரண்டு பக்கக் கூரைகளின் தண்ணீரும் சேர 40 மீட்டர் அகலம் என்று வைத்தால், 600 மீட்டருக்கு 2.4 ஹெக்டேர். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை பெய்து அதில் 90 சதவீதம் ஓடி வந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 360 லிட்டர். இரண்டு பக்க வடிகாலுக்கும் ஆளுக்கு 180 லிட்டர். 60 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள கான்கிரீட் வடிகாலை 500-க்கு 1 என்ற சரிவில் கட்டினால் விளிம்பு வரை ஓடும்போது சுமார் 360 லிட்டர் கொண்டுபோகும். தேவையைப் போல இரண்டு மடங்கு. ஆனால் பாதி ஆழத்துக்கு மண் படிந்துவிட்டால் கொள்ளளவு 150 லிட்டருக்கு இறங்கிவிடும். தண்ணீர் வீதியில்தான் நிற்கும். தூர்வாராத வடிகால் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

சரிவைப் பார்த்தீர்களா? 600 மீட்டருக்கு 500-இல் 1 என்றால் கடைசி முனை 1.2 மீட்டர் கீழே போக வேண்டும். அந்த முனையிலிருந்து தண்ணீர் எங்கே போகும்? பழைய காலத்தில் கோயில் குளத்துக்கோ ஊருணிக்கோ போயிருக்கும். நடுவில் யாரோ வரத்துக்காலை மூடி வீடு கட்டியிருப்பார்கள். வெளியேறும் இடத்தின் மட்டத்தை அளந்து, வழி திறந்திருப்பதை உறுதி செய்யாமல் வடிகாலுக்கு மதிப்பீடு போடவே கூடாது. வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைத்திருந்தால் அதைக் குளத்தில் விடவும் முடியாது. முதலில் பாதாளச் சாக்கடை இணைப்பு, பிறகுதான் மற்றதெல்லாம்.

வேலையின் வரிசை இப்படி: பாதாளச் சாக்கடையும் அதன் கடை இணைப்புகளும், குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்புதைவடம், தொலைத்தொடர்புக்கான வெற்றுக் குழாய்கள், நடைபாதை, கடைசியில் சாலையின் மேல்தளம். 50 மீட்டருக்கு ஒருமுறை சாலைக்குக் குறுக்கே வெற்றுக் குழாய் ஒன்றைப் புதைத்து வையுங்கள். பின்னாளில் இணைய நிறுவனம் வரும்போது புதுச்சாலையை வெட்டாமல் அதற்குள் கம்பியை நுழைக்கலாம். குடிநீர்த் திட்டம் மத்திய அரசின் அம்ருத் 2.0 போன்ற வேறொரு நிதியில் வருவதாக இருந்தால் அதன் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல் நடந்தால் ஆறே மாதத்தில் புதிய வீதி தோண்டப்படும்.

சாலை மேல்தளம் போடும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் எல்லாத் துறைகளுக்கும் உத்தரவிட்டிருக்கிறார். மதிப்பீட்டில் சுரண்டும் வேலைக்குத் தனி இனம் (தனிச் செலவு வரி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒப்பந்ததாரர் அதைச் செய்யமாட்டார், கேட்கவும் முடியாது.

மற்றச் சில அளவுகள். நடைபாதைக்குத் தளக்கல் 60 மில்லிமீட்டர், வண்டி ஏறும் இடத்தில் 80. வழவழப்பான கிரானைட் வேண்டாம், மழையில் வழுக்கும். வடிகால் மூடிகளில் 10 மீட்டருக்கு ஒன்றாவது இரண்டு ஆட்கள் தூக்கித் திறக்கும் எடையில் இருக்க வேண்டும். மூடியின் மேல் தளக்கல் ஒட்டிவிட்டால் தூர்வார அதை உடைக்கத்தான் வேண்டும். விளக்குக் கம்பம் 6 மீட்டர் உயரம், 18 முதல் 20 மீட்டர் இடைவெளி. மரக்குழி 1.2 மீட்டர் சதுரம். புங்கை, வேம்பு போன்றவை போதும். பெண்களுக்கான கழிப்பறை ஒன்று, தண்ணீரோடும் பூட்டிக் கிடக்காத கதவோடும் ஆளோடும். மாலையில் குடும்பமாக வந்து இரண்டு மணி நேரம் கடை பார்க்க வேண்டும் என்றால் அது இல்லாமல் முடியாது.

பணம்

ஒரே இடத்திலிருந்து முழுத்தொகையும் வரும் என்று காத்திருக்க வேண்டாம். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு எந்த நிதியின் நிபந்தனைக்குப் பொருந்தும் என்று பாருங்கள்.

மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் 2021-22-இல் தொடங்கியது. சந்தை, பேருந்து நிலையம், பூங்கா போன்ற வேலைகளுக்கு ஏற்றது. கடைவீதியோடு ஒட்டிய நாளங்காடியைப் புதுப்பிக்க இதை நாடலாம்.

மத்திய நிதிக்குழு மானியத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. 15-வது நிதிக்குழுக் காலத்தில், 2021 முதல் 2026 வரை, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள் உள்ள நகரங்களுக்கு வந்த தொகையில் 60 சதவீதம் நிபந்தனைக்கு உட்பட்டது: பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும், பாதி துப்புரவுக்கும். மீதி 40 சதவீதம்தான் விருப்பப்படி செலவிட. 2026 ஏப்ரலிலிருந்து 16-வது நிதிக்குழுக் காலம். புதிய நிபந்தனைகளை ஆணையரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பட்டியல் போடுங்கள்.

வணிகர் சங்கம் உள்ள ஊரில் 'நமக்கு நாமே' திட்டம் மிகப் பொருத்தமானது. பொதுமக்கள் பங்கு மூன்றில் ஒன்று, அரசு மூன்றில் இரண்டு. நீர்நிலைச் சீரமைப்புக்கு மட்டும் பாதிக்குப் பாதி. எங்கள் மாதிரி வீதியில் 200 கடைகள் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டால் 10 லட்சம். அரசு 20 லட்சம் சேர்க்க, 30 லட்சத்தில் கழிப்பறையும் விளக்குகளும் வந்துவிடும். தொகையைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. பணம் போட்ட கடைக்காரர் தன் வாசல் விளக்கு எரியாவிட்டால் சும்மா இருக்கமாட்டார். நகைக்கடையும் பூக்கடையும் ஒரே தொகை கொடுப்பது நியாயமில்லை. முகப்பு அகலத்துக்கு இவ்வளவு என்று வைத்தால் தகராறு குறையும். வசூலைச் சங்கத்தின் கையில் ரொக்கமாக வைக்காமல் நகராட்சிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தி ரசீது வாங்குங்கள்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. இரண்டும் தொகுதி முழுவதற்கும் ஆனவை. 10, 20 லட்சம் மதிப்புள்ள, ஒரு நிதியாண்டுக்குள் முடிந்துவிடும் தனி வேலையை மதிப்பீட்டோடு கொண்டுபோய்க் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் ஆலை இருந்தால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும் கடமை அதற்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மரம், கழிப்பறை, குடிநீர் ஏற்பாடு என்றால் தருவார்கள். வடிகால் கேட்டால் பெரும்பாலும் தயங்குவார்கள்.

கடன் வாங்கவும் வழி இருக்கிறது. 1990-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற நிதி மற்றும் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகமும், 1996-இல் அமைந்த தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும் அதற்கான இடங்கள். நகராட்சியின் சில ஆண்டுத் தணிக்கைக் கணக்கையும் வரி வசூல் சதவீதத்தையும் பார்ப்பார்கள். வடிகாலுக்கும் நடைபாதைக்கும் கடன் வாங்காதீர்கள். அவை வருமானம் தராது. வணிக வளாகத்துக்கு வாங்குவதானாலும் கணக்கைக் கடுமையாகப் போடுங்கள். 1 கோடி ரூபாய், 9 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் ஆண்டுத் தவணை ஏறக்குறைய 15.6 லட்சம். 40 கடை, மாத வாடகை 4,000 என்றால் ஆண்டுக்கு 19.2 லட்சம், பார்க்க நன்றாக இருக்கிறது. 6 கடை காலியாக இருந்தால் 16.3 லட்சம். காவல், மின்சாரம், பழுது என்று 2 லட்சம் கழித்தால் 14.3. தவணைக்கே 1.3 லட்சம் குறைகிறது. எனவே காலிக்கடைகள் நிறைந்த வீதியில் புதிய கடைகள் கட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இருக்கும் கடைகளுக்கு ஆள் பிடிப்பதே முதல் வேலை.

எந்த நிதிக்குப் போனாலும் பராமரிப்புக் கணக்கு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்: தினம் இரண்டு முறை பெருக்குதல், ஆண்டுக்கு இரண்டு முறை தூர்வாருதல், மரங்களுக்கு முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர், விளக்குப் பழுது, கழிப்பறைக்கு ஆள். இந்தத் தொகையை நகராட்சி எந்த வருவாயிலிருந்து ஒதுக்கும் என்பதை மன்றத் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். வண்டி நிறுத்தக் கட்டணத்தை இதற்கென்று தனியாக ஒதுக்குவது நல்ல வழி.

காகிதப் பாதை

மன்றத்தில் பொருள் வைத்துத் தீர்மானம், விரிவான திட்ட அறிக்கை, அந்த ஆண்டின் பொதுப்பணித் துறை விலைவிகிதப் பட்டியலின்படி மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பிறகு ஒப்பந்தப்புள்ளி. 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். மதிப்பீட்டுக்கும் ஒப்பந்தப்புள்ளிக்கும் நடுவே விலைவிகிதப் பட்டியல் மாறிவிட்டால் யாரும் விலை கோரமாட்டார்கள், மறுபடி மதிப்பீடு போட வேண்டும்.

வடிகால், நடைபாதை, விளக்கு என்று மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒருவர் தோண்டியதை இன்னொருவர் மூடுவார், பழுது வந்தால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். நிதி வேறு வேறு என்றாலும் தரையோடு சம்பந்தப்பட்ட வேலையை ஒரே ஒப்பந்தத்தில் அடக்க முடியுமா என்று ஆணையரிடம் முதலிலேயே கேளுங்கள்.

நாள்காட்டியைப் பின்னிருந்து போடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், தீபாவளி வியாபாரம் அதற்கு முன்பே சூடு பிடிக்கும். தோண்டும் வேலை எல்லாம் பொங்கல் முடிந்து தொடங்கி ஆகஸ்டுக்குள் மூடப்பட வேண்டும். அப்படியென்றால் பணி ஆணை டிசம்பரில் கையில் இருக்க வேண்டும், ஒப்பந்தப்புள்ளி அக்டோபரில், திட்ட அறிக்கை அதற்கு முந்தைய ஏப்ரலில். நடுவில் தேர்தல் நடத்தை விதி வந்தால் புதிய ஒப்பந்தப்புள்ளி நிற்கும். தேர்தல் வரும் ஆண்டில் இரண்டு மாதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது

ஒரே சமயத்தில் 600 மீட்டரையும் தோண்ட விடாதீர்கள். 100 மீட்டராக ஆறு துண்டு, ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு பக்கம், அது மூடிய பிறகு மறுபக்கம். ஒவ்வொரு கடைவாசலுக்கும் இரும்புத் தகடோ பலகையோ போட்டு வழி வைப்பதை ஒப்பந்தத்தில் தனி இனமாகச் சேருங்கள். துண்டு தொடங்கும் தேதியையும் மூடும் தேதியையும் அந்தந்தக் கடைகளுக்கு அச்சடித்துக் கொடுங்கள். தேதி தவறினால் அன்றே சொல்லிவிடுங்கள். வியாபாரிகள் தாமதத்தைப் பொறுப்பார்கள், மௌனத்தைப் பொறுக்கமாட்டார்கள்.

வடிகாலின் அடித்தளம் போட்டதும் மூடி வைப்பதற்கு முன் ஒரு தண்ணீர் லாரியை மேல்முனையில் திறந்துவிடச் சொல்லுங்கள். தண்ணீர் கடைசி வரை ஓடுகிறதா, எங்கே தேங்குகிறது என்பதை அங்கேயே பார்த்துத் திருத்தலாம். மூடிய பிறகு யாராலும் காட்ட முடியாது. ஒவ்வொரு நிலையிலும் முடிந்த வேலை பொறியாளரின் அளவுப் புத்தகத்தில் ஏறுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள், அளவுகோல் படத்தில் தெரியும்படி.

முடிந்த பிறகு

மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் அதே நான்கு இடங்களில், அதே மணிகளில் மறுபடி எண்ணுங்கள். கடைப் பட்டியலையும் புதுப்பியுங்கள். நடப்பவர் கூடி, காலிக்கடை குறையாமல் இருந்தால் சிக்கல் வாடகையில் இருக்கிறது. மாலை 8 மணிக்கு மேல் கூட்டம் இல்லையென்றால் விளக்கையும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் பாருங்கள். புறநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து கடைவீதி வழியாக இரவு 9.30 வரை நகரப் பேருந்தோ சிற்றுந்தோ ஓடினால் வியாபாரத்தில் தெரியும் மாற்றம், தளக்கல்லால் வரும் மாற்றத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

முதல் பருவமழைக்கு முன், செப்டம்பரில், ஒப்பந்ததாரரின் பழுதுப் பொறுப்புக் காலம் இன்னும் இருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள். முதல் கனமழை விட்டதும் அரை மணி நேரத்துக்குள் பொறியாளரோடு வீதியை ஒருமுறை முழுக்க நடந்து, தண்ணீர் நிற்கும் இடத்தையெல்லாம் பெயிண்டால் வட்டமிட்டு, எண் கொடுத்து, படம் எடுங்கள். அந்த வட்டங்கள் அத்தனையும் சரிசெய்யப்படும் வரை ஒப்பந்ததாரரின் பில்லில் பிடித்தம் செய்த தொகையை விடுவிக்கக் கூடாது.